குளிக்கிறவன் எலும்பு

தோஹா
10 நவம்பர் 2023

ரிஃபாய் மச்சானுக்கு, சஃபீர் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

போனில் கூப்பிட்டால் நீங்கள் எடுப்பதில்லை. நேற்று லாத்தாவிடம் பேசிக்கொண்டிருந்தபோது பின்னால் உங்கள் குரல் கேட்டது. "யாரு, ஒன் தம்பியா? நான் பள்ளிக்குப் போயிட்டேன்னு சொல்லு." தொழுகைக்குப் பாங்கு சொல்லாத நேரத்தில் எந்தப் பள்ளிக்குப் போனீர்கள் மச்சான்? அதனால்தான் கடிதம். நம்ம தெரு முஸ்அப் ஊருக்கு வருகிறான், அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன். கிழித்துப் போடலாம். ஆனால் கிழிப்பதற்குள் இரண்டு வரியாவது கண்ணில் பட்டுவிடும்.

நீங்கள் நொண்டி நடக்கிறீர்கள் என்று லாத்தா சொன்னாள். "கேட்டா சண்டைக்கு வாராரு, நீயாவது கேளுடா" என்று அழுதாள். நான் கேட்டால் நீங்கள் பதில் சொல்லிவிடுவீர்களா என்ன?

அன்றைக்கு நடந்ததை நான் ஒரு தடவையாவது முழுதாகச் சொல்லிவிடுகிறேன். கரையில் என்னைச் சொல்லவே விடவில்லை. நீங்கள் பன்னிரண்டு பாகம், எழுபது அடிக்கு மேல் ஆழத்தில் சங்கு பொறுக்கிக்கொண்டிருந்தீர்கள். உங்களுக்குக் காற்று அனுப்புகிற கம்ப்ரசர் இரண்டு தடவை இருமி அடங்கிப்போனது. கயிறு என் கையில் இருந்தது. கீழிருந்து ஒரு இழுப்பு வந்தால் நலம், இரண்டு வந்தால் கயிறு விடு, மூன்று வந்தால் தூக்கு. எது வந்தாலும் 'வந்து சேர்ந்தது' என்று நான் மேலிருந்து ஒரு இழுப்பு. உங்களுக்கும் எனக்கும் இத்தனை வருஷமாக அதுதான் பேச்சு. அன்று கீழிருந்து ஒன்றும் வரவில்லை. இழுக்கக்கூட முடியாமல் மூச்சு முட்டிக் கிடக்கிறீர்களோ என்று நினைத்தேன், தூக்கினேன்.

கடலடிக்கு இறங்குகிற குளியாள் ஏன் தன் கயிற்றை மனைவியின் உடன்பிறந்தவன் கையில் கொடுக்கிறான்? கூடப் பிறந்தவள் விதவையாவதை அவன் பார்த்துக்கொண்டிருக்க மாட்டான் என்றுதானே. அந்த வேலையைத்தான் நான் செய்தேன். அதற்குக் கடற்கரை முழுக்கக் கேட்கும்படி, "இவன் கயிறு பிடிக்க லாயக்கில்லாதவன்" என்றீர்கள். அந்த வார்த்தையைக் கேட்ட பிறகு நான் எந்த முகத்தோடு அந்தக் கரையில் நிற்பது? வந்துவிட்டேன். இங்கே ஒரு கிளினிக்கில் நோயாளிகளை ஏற்றி இறக்குகிற வண்டி ஓட்டுகிறேன்.

எந்தக் கால் என்றாவது எழுதுங்கள்.

சஃபீர்


பெரியபட்டினம்
19 டிசம்பர் 2023

சஃபீருக்கு, வஅலைக்கும் ஸலாம்.

கிழிக்கத்தான் போனேன், உன் லாத்தா லத்தீபா பிடுங்கி வைத்துக்கொண்டாள். இனிமேலும் போன் வேண்டாம். உன் குரலைக் கேட்டால் எனக்குத் திட்டத்தான் வரும். காகிதத்தில் என்றால் திட்டுகிறதற்குள் கை ஓய்ந்துவிடுகிறது.

வலது கால். தொடை இடுப்போடு சேருகிற இடம். உட்கார்ந்து எழுந்தால் உயிர் போகிறது. பள்ளியில் நாற்காலி போட்டுத் தொழுகிறேன், எனக்கு முந்தின வரிசையில் எழுபது வயதுக் கிழவர்கள் தரையில் நெற்றி வைத்து சுஜூது செய்கிறார்கள். அந்த வெட்கத்தை நீ அங்கிருந்து என்ன கண்டாய்.

கம்ப்ரசர் நின்றாலும் அதன் உருளையில் மிச்சக் காற்று இருக்கும் என்று கூடவே கிடந்தவனுக்குத் தெரியாதா? நின்று நின்று, நிதானமாக நானே ஏறி வந்திருப்பேன். கிணற்றில் வாளியை இழுக்கிற மாதிரி இழுத்துவிட்டாய். அன்று சாயந்தரம் பிடித்த வலிதான் இது. நான் இழுக்காமல் நீ ஏன் தூக்கினாய்? மூச்சு முட்டியிருக்குமோ என்று நினைத்தாய் என்றால் அது ஒரு பதிலா?

ஒரு எலும்பு டாக்டரிடம் மூன்று மாதமாகப் போய் வருகிறேன். கோயமுத்தூர்ப் பக்கத்துக்காரர், தங்கமான மனிதர். "என்ன செஞ்சா வலி வருது?" என்று கேட்டார். "குளிச்சிட்டு வந்தா வலிக்குது டாக்டர்" என்றேன். "எவ்வளவு நேரம் குளிப்பீங்க?" "காலையில எறங்குனா மத்தியானம் வரைக்கும்." என்னை மேலும் கீழும் பார்த்தார். "அவ்வளவு நேரம் வேண்டாம். இனிமே வெந்நீர்ல குளிங்க" என்றார். தண்ணீரின் குளிர்ச்சிதான் காரணமாம். வெளியே வந்து நானும் லத்தீபாவும் சிரித்த சிரிப்பில் பஸ்ஸை விட்டுவிட்டோம். கடலை எந்த அடுப்பில் ஏற்றுவது மாப்ள? ஆனால் கைராசிக்காரர். இடுப்பில் ஒரு ஊசி போடுகிறார், போட்டால் கொஞ்ச நாள் சுகமாக இருக்கிறது. பிறகு மறுபடி போய்ப் போட்டுக்கொள்கிறேன்.

கயிறு இப்போது வசீம் பிடிக்கிறான். உறவில்லை, கூலிக்குத்தான். கயிற்றை முழங்காலில் சுற்றிக்கொண்டு போனில் வீடியோ பார்க்கிறான். நான் கீழே இழுத்தால் பதில் இழுப்பு அவனுக்கு ஞாபகம் வந்தால் வரும்.

இன்னொன்று. லத்தீபாவிடம் சொல்லிவிடாதே. கீழே போனால் வலி இல்லை. பத்து பாகம் தாண்டியதும் இடுப்பிலிருந்து யாரோ கையை எடுத்துவிடுகிறார்கள். கரையில் நான் நொண்டி. அங்கே பழைய ரிஃபாய்தான். மேலே வரவே மனம் வருவதில்லை.

ரிஃபாய்


தோஹா
14 ஜனவரி 2024

மச்சான், அஸ்ஸலாமு அலைக்கும்.

நீங்கள் சிரித்த இடத்தை மூன்று தடவை படித்தேன். அந்த டாக்டருக்கு நீங்கள் கடலில் முங்குகிறவர் என்றே தெரியாது மச்சான்! நம் ஊரில் குளி என்றால் கடலுக்கு அடியில் போவது. கோயமுத்தூர்க்காரருக்குக் குளி என்றால் வாளியும் சோப்பும். காலையிலிருந்து மத்தியானம் வரை பாத்ரூமில் நிற்கிற ஆள் என்று உங்களை நினைத்திருக்கிறார். அவர் மேல் என்ன குற்றம்? நீங்களும் சரியாகத்தான் சொன்னீர்கள். இரண்டு பேரும் தமிழில்தான் பேசியிருக்கிறீர்கள். இந்த அநியாயத்தை யாரிடம் போய்ச் சொல்வது?

எங்கள் கிளினிக்கில் ஒரு மலையாளி எலும்பு டாக்டரம்மா இருக்கிறார். வண்டியில் வரும்போது உங்கள் கதையைச் சொன்னேன். 'டைவர்' என்ற வார்த்தையைக் கேட்டதும் அவர் போனைக் கீழே வைத்துவிட்டார். வண்டியை ஓரமாக நிறுத்தச் சொல்லி விளக்கினார். எனக்குப் புரிந்தவரை எழுதுகிறேன்.

இடுப்பில் தொடை எலும்பின் தலை பந்து மாதிரி இருக்கிறதல்லவா, அது உள்ளே கல் இல்லையாம். பஞ்சு மாதிரி பொடிப் பொடி அறைகளாம். அந்த அறைகளுக்குள் கொழுப்பும் நீரும் மஜ்ஜையும் நிறைந்திருக்கும், நடுவே நூல் நூலாக இரத்தம் ஓடும். நாம் ஒரு எட்டு வைத்தால் அந்தப் பஞ்சு துளி அமுங்கி, உள்ளே இருக்கிற நீர் ஒரு அறையிலிருந்து அடுத்த அறைக்கு நகரும். காலை எடுத்தால் திரும்பி வரும். அந்தப் போக்குவரத்து இருக்கிறவரை எலும்புக்கு உயிர் இருக்கும்.

ஆழத்தில் சுவாசிக்கிற காற்று அந்தக் கொழுப்பில் கரைந்து தங்கிவிடுமாம். மெதுவாக ஏறினால் மெதுவாக வெளியேறும். வேகமாக ஏறினால் சோடா பாட்டிலைத் திறந்த கதைதான், உள்ளேயே குமிழி கட்டிவிடும். குமிழி அந்தப் பொடி வழிகளை அடைத்துக்கொள்ளும். நீர் வெளியே போக வழியில்லை, எலும்பு விரிந்தும் கொடுக்காது. உள்ளே அழுத்தம் ஏறி, இரத்தம் வருகிற குழாயையே நெரித்துவிடும். சுற்றிலும் ஈரம் இருந்தும் எலும்பு தாகத்தில் சாகிறது என்றார் அந்த அம்மா. ஆழத்துக்குப் போனால் குமிழி சுருங்கும், பாரமும் இல்லை. அதனால்தான் அங்கே உங்களுக்கு வலி தெரியவில்லையாம். நீங்கள் லாத்தாவிடம் சொல்லவேண்டாம் என்றதை இவரிடம் சொல்லிவிட்டேன், மன்னியுங்கள்.

முக்கியமானது அந்த ஊசி. ஸ்டீராய்டாக இருந்தால் இனி ஒன்றுகூடப் போடக்கூடாது, செத்துக்கொண்டிருக்கிற எலும்பை அது சீக்கிரம் முடித்துவிடும் என்கிறார். மதுரைக்குப் போங்கள். எம்.ஆர்.ஐ. எடுங்கள். தயவுசெய்து குளி என்று சொல்லாதீர்கள். டைவிங் என்று சொல்லுங்கள்.

சஃபீர்


பெரியபட்டினம்
6 மார்ச் 2024

சஃபீருக்கு,

போனேன். டைவிங் என்றேன். சொல்லும்போது ஏதோ வெள்ளைக்காரன் மாதிரி எனக்கே கூச்சமாக இருந்தது. மதுரை டாக்டர் சின்ன வயதுப் பெண். ஊசிச் சீட்டுகளைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

வலது பந்து தட்டையாகிவிட்டது, இனி அது எலும்பு இல்லை என்றார். கேட்டுக்கொண்டேன். அடுத்து இடது பந்தின் படத்தைக் காட்டினார். ஒரு நாளும் வலிக்காத கால். அதிலும் ஓரத்தில் ஒரு இருட்டு இருக்கிறது. அது இன்னும் நொறுங்கவில்லையாம். தொடையின் பக்கத்திலிருந்து பந்துவரை மெல்லிய துளை போட்டால் உள்ளே கட்டிக்கிடக்கிற அழுத்தம் இறங்கும், புது இரத்தம் நுழைய வழி கிடைக்கலாம் என்றார். 'கிடைக்கலாம்' என்றுதான் சொன்னார். பந்து நொறுங்கிவிட்டால் துளை போட்டும் பயனில்லை. போட்டாலும் மாதக்கணக்கில் ஊன்றுகோல். குளி கிடையாது. எப்போதுமே கிடையாது.

உனக்காக ஒரு கேள்வி கேட்டேன். "ஒரு நாள், ஒரே ஒரு நாள் வேகமா மேல வந்தேன். அதுனாலயா?" அவர் யோசித்துச் சொன்னார். "அதுவாவும் இருக்கலாம். இத்தனை வருஷமா கொஞ்சம் கொஞ்சமா வந்ததாவும் இருக்கலாம். அந்த ஊசியும் சேர்ந்திருக்கலாம். எலும்பு தேதி எழுதி வச்சுக்கிறதில்லைங்க." ஆக, உன்னை முழுதாகத் திட்டவும் வழியில்லை, விடவும் வழியில்லை.

பஞ்சு என்று எழுதியிருந்தாயே, எனக்குப் பஞ்சைத் தெரியும். கடலடிப் பாறைத்திட்டில், பாரோரம் ஒட்டிக்கொண்டு வளருகிற கடல்பஞ்சைக் கையால் எத்தனை தடவை தொட்டிருப்பேன். உயிருள்ள பஞ்சின் வாயருகே விரலை வைத்தால் தண்ணீர் வந்து போவது தெரியும். மண் விழுந்து கண் அடைத்துவிட்டால் வெளுத்துப்போகும். பார்வைக்கு அப்படியேதான் நிற்கும், தொட்டால் கையோடு வந்துவிடும். மதுரையிலிருந்து வருகிற ரயிலில் என் இடது காலை நான் தொடவே இல்லை மாப்ள. பயமாக இருந்தது.

நோன்பு வருகிறது. பெருநாள் முடியட்டும், சங்கு சீசனும் முடியட்டும், பிறகு பார்க்கலாம். வலிக்காத காலைப் போய் எதற்குத் துளைப்பது?

ரிஃபாய்


தோஹா
2 ஏப்ரல் 2024

மச்சான்,

பிறகு பார்க்கலாமா? எதைப் பார்ப்பது? எல்லாம் புரிந்தது என்று பக்கம் பக்கமாக எழுதிவிட்டு, மறுநாள் காலையில் வள்ளத்தில் ஏறினீர்களாமே. லாத்தா சொன்னாள். நோன்பு வைத்துக்கொண்டு முங்கக்கூடாது என்று அந்த ஒரு மாதமாவது கரையில் இருப்பீர்கள் என்று நினைத்தேன். அதற்கும் மார்க்கத்தில் இடம் உண்டு என்று ஒரு மசலா கண்டுபிடித்து வைத்திருக்கிறீர்கள்.

நான் வந்து உங்களைத் தூக்கிக்கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் படுக்க வைக்கலாம் என்று லீவு கேட்டேன். மேனேஜர், "வாப்பாவா, உம்மாவா?" என்றார். "மச்சான்" என்றேன். "மச்சானுக்கெல்லாம் லீவு கிடையாது. ஒன் லீவு நவம்பர்லதான், அப்பப் போ" என்று சிரித்தார். கடலில் உயிரையே அந்த உறவின் கையில் கொடுக்கிறோம். இங்கே அதற்கு ஒரு பெயரே இல்லை. வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

அதனால் வேறொன்று செய்தேன். வசீமுக்குப் போன் செய்து, என் மச்சானின் எலும்பு செத்துக்கொண்டிருக்கிறது, நாளைக்கு ஏதாவது ஆனால் கயிறு உன் கையில்தான் இருக்கும் என்றேன். பயந்துவிட்டான். இனிப் பிடிக்க மாட்டேன் என்று சத்தியம் செய்தான். கயிறு பிடிக்க ஆளில்லாமல் எந்தக் குளியாளும் இறங்குவதில்லை, அது நம் ஊர் வழக்கம். அதை நம்பித்தான் செய்தேன். கோபப்படுங்கள், பரவாயில்லை. அந்த இடது காலை மட்டும் காப்பாற்றிக்கொள்ளுங்கள்.

சஃபீர்


பெரியபட்டினம்
28 ஏப்ரல் 2024

சஃபீர்,

உன் காரியம் நன்றாகவே பலித்தது. வசீம் வரவில்லை. அவன் சொல்லி, கரையில் வேறு எவனும் வரவில்லை. ரிஃபாய்க்கு எலும்பில் வியாதி என்று மீன் ஏலம் போடுகிற இடத்தில் பேசுகிறார்கள். நான் போனால் பேச்சு நிற்கிறது.

கயிற்றை வள்ளத்தின் கட்டையில் கட்டிவிட்டு இறங்குகிறேன். கட்டை போன் பேசாது. நான் கேட்காமல் தூக்காது.

இனி எழுதாதே.

ரிஃபாய்


தோஹா
9 மே 2024

மச்சான்,

எழுதாதே என்றீர்கள், எழுதுகிறேன். வேறு எதுவும் என்னால் முடியவில்லை. உங்களை நிறுத்தத்தான் பார்த்தேன். கடைசியில் உங்கள் கயிற்றிலிருந்து ஒரு மனிதனின் கையைத்தான் எடுத்துவிட்டிருக்கிறேன். வசீமுக்கு மறுபடி போன் செய்து, போய்ப் பிடிடா என்று கெஞ்சினேன். "ஒங்க குடும்பத்துக்குள்ள நான் வரல காக்கா" என்று அண்ணன் முறை சொல்லியபடியே போனை வைத்துவிட்டான்.

நீங்கள் கீழே இழுத்தால் அந்தக் கட்டை என்ன செய்யும் மச்சான்? ஒரு இழுப்பு பதிலாவது தருமா?

தூங்கப் படுத்தால் என் உள்ளங்கை தானாக மூடிக்கொள்கிறது. கூட இருக்கிற பையன்கள் கேலி செய்கிறார்கள்.

திட்டியாவது ஒரு வரி எழுதுங்கள்.

சஃபீர்


பெரியபட்டினம்
20 ஜூன் 2024

மாப்ள,

தபாலுக்குப் பொறுக்க முடியவில்லை. எழுதி முடித்ததும் லத்தீபா இதைப் போனில் படம் எடுத்து உனக்கு அனுப்புவாள். நீ உடனே போன் அடிக்காதே. உன் குரல் கேட்டால் நான் அழுதுவிடுவேன், மகள் யும்னா பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள்.

ஹஜ்ஜுப் பெருநாள் காலையில் தொழுகைக்குப் போவதற்காக லத்தீபா வெந்நீர் போட்டு வைத்தாள். வாளியைத் தூக்கிக்கொண்டு குளியலறைப் படியில் இடது காலை ஊன்றினேன். வழுக்கவில்லை, விழவுமில்லை. காய்ந்த பாக்குமட்டையை மிதித்த மாதிரி உள்ளே ஒரு சத்தம் கேட்டது. லத்தீபாவுக்கும் கேட்டிருக்கிறது. வாளியை அப்படியே கீழே வைத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பள்ளியில் தக்பீர் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பார்த்தாயா, அந்த டாக்டர் சொன்ன வெந்நீர்க் குளியல்தான் கடைசியில் என்னைப் பிடித்தது.

மதுரைக்கு வேனில் படுக்க வைத்துக் கொண்டுபோனார்கள். அந்தப் பெண் படத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். இடது பந்தும் அமுங்கிவிட்டது. "மார்ச்சுல வந்திருக்கலாமே" என்றார். இனித் துளை இல்லை. இரண்டு பக்கமும் வெட்டி எடுத்து இரும்பு வைக்க வேண்டும், இந்த வயதில் வைத்தால் பின்னால் மறுபடி மாற்ற வேண்டும் என்கிறார். இரும்புக்குள் நீர் ஓடுமா என்று கேட்டேன். ஓடாது என்றார்.

கட்டிலிலிருந்து கழிவறைக்கு லத்தீபா தூக்கிக்கொண்டு போகிறாள். அவளுக்கு மூச்சு வாங்குகிறது. அவள் தோளில் தொங்கிக்கொண்டு போகும்போது எனக்குச் செத்துவிடலாம் போல் இருக்கிறது. அவளிடம் சொன்னால் வாயில் அடிப்பாள், உன்னிடம் சொல்கிறேன். இதில் ஒரு கூத்து, இப்போதும் என் ஆசை கடல்தான். பத்து பாகம் கீழே போய்விட்டால் போதும், இடுப்பு என்கிற ஒன்றே இருக்காது. ஆனால் வள்ளம்வரை நடக்கக் கால் இல்லை.

அன்று நீ தூக்கியது சரியா தப்பா என்று எனக்குத் தெரியாது. இனித் தெரியப்போவதும் இல்லை. நான் இழுக்காமல் நீ ஏன் தூக்கினாய் என்று இத்தனை நாள் கேட்டுக்கொண்டே இருந்தேன். உண்மையைச் சொன்னால், நான் குளிக்கப் போன நாளிலிருந்து ஒரு தடவைகூட மூன்று இழுப்பு இழுத்ததில்லை. அதில் எனக்கு ஒரு திமிர். உன் கை அதை அறிந்ததே இல்லை.

இப்போது இழுக்கிறேன். எண்ணிக்கொள். ஒன்று. இரண்டு. மூன்று.

தூக்கு மாப்ள.

ரிஃபாய்


தோஹா
20 ஜூன் 2024

மச்சான்,

போன் அடிக்கவில்லை. வண்டியில் இரண்டு நோயாளிகள் உட்கார்ந்திருக்கிறார்கள். ஓரமாக நிறுத்தி, மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதி, படம் எடுத்து அனுப்புகிறேன்.

மேனேஜரிடம் மறுபடி போனேன். நவம்பர் என்றார். அழுது பார்த்தேன், நவம்பர்தான். வேலையை விட்டுவிட்டு வருகிறேன் என்றேன். அதற்கும் காகிதங்கள் முடிய அதே நவம்பர் ஆகிவிடுமாம். உங்களைத் தூக்க இன்றைக்கு என்னிடம் ஒரு வழியும் இல்லை.

மூன்றும் வந்து சேர்ந்தன. இது என் பதில் இழுப்பு. எனக்குப் பதிலாக லாத்தாவை உங்கள் கையைப் பிடித்து ஒரு தடவை இழுக்கச் சொல்லுங்கள்.

சஃபீர்